கார்ன் ஸ்நேக் குட்டி இரையைக் கக்கிவிட்டது, அடுத்து என்ன செய்வது?

மழைக்குருவி:
லண்டனில் இருக்கிறோம். புதிதாக வாங்கிய கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத வளர்ப்புப் பாம்பு) குட்டி, பென்சில் கனம்தான் இருக்கும். 90 செ.மீ. கண்ணாடித் தொட்டி, ஒரு ஓரத்தில் அடியில் ஹீட் மேட் (மின்சாரச் சூட்டு விரிப்பு), மேலே ஆஸ்பென் மரச்சீவல் நல்ல கனமாக. ஒளிந்துகொள்ள ஒரு பொந்து, அதுவும் சூடான பக்கத்தில். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கிடையாது. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் வெப்பமானி 24 டிகிரி காட்டுகிறது. உறையவைத்து விற்கிற பிங்கி (மயிர் முளைக்காத எலிக்குஞ்சு) ஒன்று கொடுத்தோம், விழுங்கியது. மறுநாள் பையன் கையில் எடுத்து விளையாடினான், ராத்திரி கக்கிவிட்டது. பட்டினி கிடக்கிறதே, இன்னொன்று கொடுக்கலாமா?

சாரைக்காடு:
கொடுக்காதீங்க. கக்கும்போது வயிற்று அமிலமும் சேர்ந்து வெளியே வந்து உணவுக்குழல் புண்ணாகியிருக்கும். 10 முதல் 14 நாள் வரை இரையே வேண்டாம், தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். பிறகு பாதி அளவுள்ள பிங்கி ஒன்று. அது தங்கினால் ஒரு வாரம் கழித்து அதே அளவு, அப்புறம்தான் பழைய அளவு. இத்தனை நாள் பட்டினி குட்டிக்குத் தாங்கும். அடுத்தடுத்துக் கக்கினால்தான் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது தடவையும் கக்கினால் ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போயிடுங்க.

இரை விழுங்கி 48 மணி நேரம் யாரும் தொடக்கூடாது. பையனுக்கு இது ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்க.

தாழம்பூ:
கையில் எடுத்தது பாதிக் காரணம், மீதி சூடு. ஸ்டிக்கர் காட்டுவது கண்ணாடியின் வெப்பம். பாம்பின் வயிறு படுகிற தரை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. தரையில் சூடு போதாவிட்டால் இரை செரிக்காமல் உள்ளேயே அழுகும், பாம்பு வெளியே தள்ளிவிடும்.

முதல் வேலை தெர்மோஸ்டாட். அதன் சென்சாரை மேட்டுக்கு நேர் மேலே, தொட்டியின் உள்தரையில் டேப் போட்டு ஒட்டி 30 டிகிரி வையுங்கள். டேப்பின் பசைப்பக்கம் துளியும் வெளியே தெரியக்கூடாது, குட்டி ஒட்டிக்கொண்டால் தோல் கிழியும். அந்த இடத்தில் மரச்சீவல் ஒரு செ.மீ. போதும். கனமாகப் போட்டால் சூடு மேலே ஏறாது. பாம்பு அடியில் புகுந்து நேரே கண்ணாடியில் படுக்கும். கட்டுப்பாடில்லாத மேட்டில் வயிறு வெந்தாலும் பல பாம்புகள் நகராது.

குளிர்ந்த பக்கம் 22-24 இருக்கட்டும், அங்கேயும் ஒரு பொந்து வையுங்கள். இப்போது அதற்கு ஒளிந்தால் சூட்டிலேயே கிடக்க வேண்டும், குளிர்ந்த பக்கம் போனால் ஒளிய இடமில்லை என்ற நிலைமை.

மழைக்குருவி:
நன்றி. இன்னொன்று, கண் பால் படிந்த மாதிரி இருக்கிறது. நோயா?

சாரைக்காடு:
சட்டை உரிக்கப் போகிறது, அவ்வளவுதான். சில நாளில் கண் தெளியும், அதற்குப் பிறகு சில நாளில் உரிக்கும். சட்டை சுலபமாக உரிய ஈரம் வேண்டும். மூடியுள்ள சின்ன டப்பாவில் பாம்பு நுழைகிற ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, ஈரப்பாசி நிரப்பி வையுங்க. உரித்த சட்டையில் இரண்டு கண்ணையும் மூடியிருக்கிற கண்ணாடி போன்ற தோலும் வந்திருக்கிறதா பாருங்க. அது கண்ணிலேயே தங்கிவிட்டால் நகத்தால் நோண்டாதீங்க.

கம்மாக்கரை:
பிங்கியை எப்படி உருக்குகிறீர்கள்? மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வெளியே வெந்து உள்ளே ஐஸாக இருக்கும். ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து, கொடுக்கும் முன் ஜிப் கவரில் போட்டு வெந்நீரில் ஒரு கால் மணி. எலியின் நடு வயிற்றை அழுத்திப் பாருங்கள், கட்டியாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம். பாம்பு உடம்பின் தடித்த பகுதி அளவு பருமனுள்ள எலி போதும்.

தொட்டி மூடிக்குக் கிளிப்பும் போடுங்கள். தலை நுழைகிற சந்து இருந்தால் உடம்பும் போய்விடும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இதைப் பார்த்துவிட்டுச் சாரையையோ மண்ணுளியையோ பிடித்து வளர்க்க நினைக்காதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.