மல்லிகைப்பூ கட்டுரைக்கு 3000 ரூபாயா?

குழு: வலையங்குளத்து வீடு

சனி, இரவு 8:47

நான்: அப்பா, ஒரு 3000 ரூபாய் ஜிபே பண்ணுங்கப்பா. நாளைக்குள்ள கட்டணும்

அப்பா: எதுக்கும்மா? போன வாரம்தான ஹாஸ்டலுக்குக் கட்டுனோம்

நான்: எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்குப்பா. மல்லிகைப்பூ விலை பத்தி எடுத்திருக்கேன். இதுக்கு முன்னாடி யார் யாரு என்ன எழுதியிருக்காங்கன்னு 30 கட்டுரையாவது பாக்கணும்னு மேடம் சொல்லிட்டாங்க. ஒண்ணைத் தொறந்தாலே 40 டாலர் கேக்குது. ஜெராக்ஸ் கடையில ஒருத்தர் மொத்தமா எடுத்துத் தர்றேன்கிறார், 3000

லைப்ரரி அக்கா: சித்தப்பா அனுப்பாதீங்க. பாப்பா, அந்தாளுக்கு வேண்டாம்னு சொல்லிரு. தோசைய ஊத்திட்டு வர்றேன்

அம்மா: பாவம், ரெண்டு நாளா தூங்கல அவ

இரவு 9:20

லைப்ரரி அக்கா: 40 டாலர் கேட்டுச்சுல்ல, அந்தத் தலைப்ப அப்படியே காப்பி பண்ணி ஐடியாஸ்ல போடு. கூகுள்ல "ஐடியாஸ் ரெபெக்"னு இங்கிலீஷ்ல அடிச்சா முதல்ல வந்து நிக்கும்

நான்: அது என்னக்கா?

லைப்ரரி அக்கா: ரெபெக்குங்கிறது பொருளாதாரக் கட்டுரைகளோட பெரிய அட்டவணை. 1997ல ஆரம்பிச்சது. எக்னாமிக்ஸ்காரவுகளே சம்பளம் வாங்காம சேந்து நடத்துறாங்க. யுனிவர்சிட்டி, பேங்க், பப்ளிஷர் எல்லாரும் அவங்கவங்க கட்டுரை விவரத்தத் தாங்களே குடுத்திருவாங்க. ஐடியாஸ் அதுக்கு ஒரு வாசல், அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் பேங்க்ல இருக்கு. எகான்பேப்பர்ஸ்னு ஸ்வீடன்ல இன்னொரு வாசல். எந்தப் பக்கம் நுழைஞ்சாலும் சரக்கு ஒண்ணுதான்

நான்: போட்டேன். வந்துச்சு. ஆனா இங்கயும் சந்தாதாரருக்கு மட்டும்னு இருக்கு 😔

லைப்ரரி அக்கா: கீழ போ. "அதர் வெர்ஷன்ஸ்"னு இருக்கா?

நான்: இருக்கு. வொர்க்கிங் பேப்பர்னு ஒண்ணு

நான்: அக்கா!! முழு பிடிஎஃப் வந்துருச்சு

லைப்ரரி அக்கா: இதத்தான் சொன்னேன். ஜர்னல்ல அச்சாகி வர வருசக்கணக்காகும், அதனால எக்னாமிக்ஸ்ல முதல்லயே வொர்க்கிங் பேப்பரா வெளிய விடுற பழக்கம் உண்டு. அச்சான பிரதிக்குத்தான் காசு. ஆனா ஒண்ணு, அச்சுக்குப் போறப்ப சில கணக்கு மாறியிருக்கலாம். நீ படிச்சது எந்தப் பிரதியோ அதையே மேற்கோள்ல குறி. பழசப் படிச்சுட்டுப் புதுசோட பேரப் போட்டா அது தப்பு

நான்: சரிக்கா. ஆனா மதுரை மல்லின்னு தேடினா ஒண்ணுமே வரல

லைப்ரரி அக்கா: ஊர்ப் பேரப் போட்டா எப்படி வரும்? மண்டியில என்ன நடக்குதோ அதத் தேடு. ப்ரைஸ் ஸ்ப்ரெட்னா விவசாயிக்குக் கிடைக்குறதுக்கும் வாங்குறவங்க குடுக்குறதுக்கும் உள்ள வித்தியாசம், மார்க்கெட்டிங் மார்ஜின்னா நடுவுல விக்கிறவங்க எடுக்குற பங்கு, அப்புறம் கமிஷன் ஏஜென்ட். பூவுக்கு இல்லாட்டியும் காய்கறிக்கு இருக்கும், கணக்குப் போடுற முறை ஒண்ணுதான். பொருளாதாரக் கட்டுரைகளத் தலைப்பு வாரியாப் பிரிக்கிறதுக்கு ஜெஇஎல் கோடுன்னு உண்டு, அதுல க்யூ13 விவசாயச் சந்தைக்கு உள்ளது. அத வச்சும் தேடலாம்

லைப்ரரி அக்கா: உனக்கு இதவிட முக்கியம் ஆக்எகான் சர்ச். அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டி நடத்துற இணைய நூலகம், முக்கியமா விவசாயப் பொருளாதாரத்துக்கு. அங்க விவரத்தோட நிக்காது, கட்டுரையே முழுசா இருக்கும். நம்ம இந்தியன் ஜர்னல் ஆஃப் அக்ரிகல்ச்சுரல் எக்னாமிக்ஸோட பழைய இதழெல்லாம் அங்கதான் கிடக்கு. நம்ம பிள்ளைக தெரியாம ஜெராக்ஸ் கடையில காசக் குடுக்குறதப் பாத்தா எனக்கு மனசு ஆறல

அண்ணன்: தமிழ்நாட்டு யுனிவர்சிட்டி பிஎச்.டி. தீசிஸ் நெறைய சோத்கங்காங்கிற வெப்சைட்ல கிடைக்கும் பாப்பா. அதுவும் ஃப்ரீ

ஞாயிறு, காலை 5:38

பெரியப்பா: தாயி, தோட்டத்துல நிக்கேன். ராத்திரி எல்லாத்தையும் இப்பத்தான் பாத்தேன். அந்தக் கட்டுரையில விலைய எப்படி எழுதுறாங்க?

நான்: மாசச் சராசரி பெரியப்பா. படிச்ச நாலுலயும் அப்படித்தான்

பெரியப்பா: மாசத்துக்கு ஒரு விலையா? மொட்டு விரியுறதுக்கு முன்னாடி மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போயிரணும்னுதான வெள்ளன எந்திரிச்சுப் பறிக்கோம். கருக்கல்ல ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை. முகூர்த்த நாள்னா அது வேற. மார்கழி தையில பனிக்குப் பூ வராது, விலை ஏறும், ஆனா நம்ம கையில பூ இருக்காது. சராசரியில இதெல்லாம் எங்கிட்டுத் தெரியும்?

லைப்ரரி அக்கா: பாப்பா, எங்கப்பா, உன் பெரியப்பா இப்ப சொன்னத அப்படியே எழுதி வை. முன்னாடி எழுதுனவுக எத விட்டாங்கன்னு மேடம் கேப்பாங்கள்ல, அதுக்குப் பதில் இதுதான்

நான்: ஆனா தினசரி விலைக்கு நான் எங்க போவேன்க்கா?

பெரியப்பா: கமிஷன் கடைச் சிட்டை எல்லாம் டிரங்குப் பெட்டியில கிடக்கு தாயி. எடை, விலை, கமிஷன், கைக்கு வந்தது, தேதியோட இருக்கு. 2014ல இருந்து ஒண்ணையும் தூரப் போடல. உங்க பெரியம்மாதான் வருசா வருசம் நூல் போட்டுக் கட்டி வைப்பா

பெரியப்பா: 📷 போட்டோ

நான்: பெரியப்பா 🙏 மதியம் பஸ் ஏறி வர்றேன்

லைப்ரரி அக்கா: வாசல் வெளிச்சத்துல வச்சு ஒவ்வொண்ணா போட்டோ எடு. பழசு மை மங்கியிருக்கும், முதல்ல அத எடுத்துரு

பெரியம்மா: சாப்பிடாம வா. கறி எடுக்கச் சொல்லியிருக்கேன்