மழைத் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வந்தது?

மடிப்பாக்கம், தரைத்தளம்:
சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துவிட்டது. அப்பா கட்டியபோது தெருவிலிருந்து பார்த்தால் மார்பளவு உயரத்தில் இருந்த ஜன்னல், இப்போது முழங்கால் உயரம். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியபோது எங்கள் தெரு முழுக்க வாசலில் மணல் மூட்டை அடுக்கினோம். தண்ணீரோ வாசல் பக்கமே வரவில்லை. முதலில் குளியலறையில் தண்ணீர் வெளியேறும் ஜாலி பொங்கியது, அப்புறம் கழிவறைக் கோப்பை. ஜன்னலுக்கு மூன்றாவது இடம்தான்.

2023இல் மிக்ஜாம் புயல் வருகிறது என்றதும் ஜாலி மேல் தடித்த பாலிதீன் விரித்து மணல் பையை ஏற்றினோம், கோப்பைக்குள்ளும் ஒரு மணல் பை. அதற்கு முன்பே பிளம்பர் வெளியே உள்ள கழிவுநீர்ச் சேம்பரில், போன தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் அலுமினிய சேனல் அடித்து, அதற்குள் மரைன் பிளைவுட் பலகையை இறக்கினோம். பலகை ஓரத்தில் இடுக்கை அடைக்க ரப்பர் பட்டை (பீடிங்). கொஞ்சம் கசிந்தது, துணியால் துடைக்கிற அளவுதான்.

மூட்டையைப் பற்றி ஒரு விஷயம்: வாய்வரை நிரப்பினால் குண்டாக நின்று இடுக்கு விடும். பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால்தான் படிந்து உட்காரும். தண்ணீர் வரும் பக்கம் தார்ப்பாய் விரித்துவிட்டு அடுக்குங்கள்.

புதுச்சேரி, மாடி வீடு:
எங்களுக்குத் தண்ணீர் மேலிருந்து வந்தது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் இரவு. மாடிப்படியில் சலசலவென்று சத்தம், யாரோ குழாயைத் திறந்து விட்டதாக நினைத்து எழுந்தால் மொட்டைமாடிக் கதவின் அடியிலிருந்து படி படியாக இறங்குகிறது. பக்கத்து வீட்டு வேப்பமரம் உதிர்த்த இலையெல்லாம் சேர்ந்து மாடிக் குழாயின் வாயை அடைத்திருந்தது. கைப்பிடிச் சுவர் நாலு பக்கமும் இருக்க, மாடியே தொட்டி. அந்த ஒரே நாளில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல். ஆயிரம் சதுர அடி மாடிக்குக் கணக்குப் போட்டால் 42,000 லிட்டருக்கு மேல் வரும். கதவுப் படியோ ஒரு அங்குலம்.

கொத்தனாரிடம் கேட்டால் கதவை மாற்றச் சொல்வார் என்று நினைத்தோம். அவர் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரில் இன்னொரு ஓட்டை போட்டு, வெளியே நீட்டியபடி ஒரு குழாய்த் துண்டைச் செருகினார். குழாய் அடைத்தாலும் தண்ணீர் அந்த வழியாகப் போய்விட வேண்டும், அதனால் அந்த ஓட்டை கதவுப் படியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்றார். அப்புறம் படியை ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டினார். குழாய் வாயில் தட்டையான ஜாலிக்குப் பதில் குடை மாதிரி எழும்பிய ஜல்லடை. இலை சுற்றிலும் படிந்தாலும் மேல் துளை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. மாமியாருக்குத்தான் உயர்ந்த படியைத் தாண்டுவது கஷ்டம். வடகம் காயவைக்கப் போகும்போதெல்லாம் திட்டு விழுகிறது.

ஜன்னல் பொருத்தும் வேலை, தாம்பரம்:
யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல் ஒழுகுகிறது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் கீழ்த் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கும். அந்தச் சட்டத்தின் வெளிப்பக்கம் சின்னச் சின்ன நீள்துளைகள் உண்டு, தண்ணீர் வெளியேறத்தான் அவை. தூசி அடைத்திருக்கும். சில வீடுகளில் 'இதில்தான் ஒழுகுது' என்று அதையே சிலிகான் வைத்து மூடியிருப்பார்கள்! மழைக்கு முன் குச்சியால் குத்தி விடுங்கள், ஒரு குவளைத் தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றிப் பாருங்கள். வெளியே ஓடினால் சரி. சிலிகான் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில்தான், அதுவும் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்போது.

மடிப்பாக்கம்காரருக்கு ஒரு வார்த்தை. மூன்றடி அகலக் கதவில் ஓரடித் தண்ணீர் நின்றால் தள்ளுவது 40 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரண்டடி என்றால் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. ஜன்னல் பலகையையும் இப்படித்தான் தள்ளும், அதனால் அது இறங்கும் சேனலை வெறும் பிளாஸ்டிக் பிளக்கில் திருகாமல் ஆங்கர் போல்ட் போடுங்கள்.

மயிலாப்பூர், பழைய வீடு:
வடகிழக்குப் பருவமழை என்பதால் எங்களுக்கு வடக்கு, கிழக்கு ஜன்னல்களில்தான் சாரல். சன்ஷேட் அடியில், விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே ஒரு காடி, அதாவது நீளமான பள்ளம், வெட்டச் சொன்னேன். அதுவரை தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்து நிலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது காடியிலேயே சொட்டிவிடுகிறது. கம்பியில் தார்ப்பாய் கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2016 வர்தா புயல் காற்றில் கிழிந்து பறந்தது, கூடவே ஒரு கண்ணாடியையும் உடைத்தது.

மடிப்பாக்கம்காரரே, அந்தப் பிளைவுட் பலகையை மற்ற நாளில் எங்கே வைக்கிறீர்கள்?

மடிப்பாக்கம், தரைத்தளம்:
பரணில். தரையில் சாய்த்து வைத்த முதல் பலகையைக் கரையான் தின்றுவிட்டது. எந்தப் பலகை எந்த ஜன்னலுக்கு என்று பெயின்ட்டில் எழுதியும் வைத்திருக்கிறோம், மின்சாரம் போன பிறகு தேட முடியாது.