சிறுநகரங்கள் தாங்கும் வட்டாரங்கள்: சில அனுபவங்கள்

ஒட்டன்சத்திரம் வட்டாரத்திலிருந்து:
கள்ளிமந்தையம் பக்கத்தில் எங்கள் குடும்பம் தக்காளியும் முருங்கையும் பயிரிடுகிறது. சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பா, "இதை நேரே கோயம்பேட்டுக்கு அனுப்பினால் கூடுதல் விலை கிடைக்குமே" என்றார். பத்துப் பெட்டித் தக்காளி வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. கிடைக்கும் கூடுதல் விலையை வண்டி வாடகையே விழுங்கிவிடும். ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டியிலோ, அந்தப் பத்துப் பெட்டியும் ஏலம் போய், சுற்றுவட்டார ஊர்களின் சரக்கோடு சேர்ந்து, கேரளத்துக்குப் புறப்படும் முழு லோடாகிவிடுகிறது. ஓணம் நெருங்கும் நாட்களில் அந்த ஊரின் பரபரப்பைப் பார்த்தவர்களுக்கு, சந்தையை நம்பி எத்தனை சுமைதூக்குவோரும் ஓட்டுநர்களும் சாக்குக் கடைக்காரர்களும் பிழைக்கிறார்கள் என்பது புரியும். இவர்களில் பெரும்பாலோர் இரவு தம் கிராமத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். ஆனால் மண்டியில் முன்பணம் வாங்கிய விவசாயி வேறு மண்டியில் விலை கேட்க முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருச்செங்கோட்டிலிருந்து:
எங்கள் ஊர் சந்தையால் வளர்ந்ததன்று, போர்வெல் வண்டிகளால் வளர்ந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் துளையிடும் ரிக் வண்டி ஈட்டும் பணம், மழைக்காலத்தில் வண்டி பழுதுபார்ப்புக்குத் திரும்பும்போது, இங்குள்ள வெல்டிங் பட்டறைக்கும் லேத்துக்கும் உதிரிபாகக் கடைக்கும் வருகிறது. பட்டறையில் நான் தொழில் கற்றபோது உடன் இருந்தவர்கள் அனைவரும் அக்கம்பக்கக் கிராமத்து இளைஞர்களே. பின்னர் சிலர் பங்கு சேர்ந்து வண்டியே வாங்கினார்கள். இத்தனை பணம் புழங்கியும், பெரிய சிகிச்சை என்றால் இன்றும் ஈரோட்டுக்கோ சேலத்துக்கோதான் ஓடுகிறோம்.

ஊராட்சிப் பணியில் இருந்தவர்:
மேலே இருவரும் சொன்னவை நகராட்சிகள். பெயரளவில்கூட நகரமாகாத ஊர்களைப் பற்றி நான் சொல்கிறேன். ஐயாயிரம் மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழிலாளர்களான (ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்யும்) ஆண்களில் 75 விழுக்காட்டினருக்கு வேளாண்மை அல்லாத வேலை என்ற அளவுகளை எட்டினால், நகராட்சியோ பேரூராட்சியோ அல்லாத ஊரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாகிவிடும். இந்தியாவில் இத்தகைய ஊர்கள் 2001-இல் 1,362, 2011-இல் 3,894. நான் பணியாற்றிய ஊரும் அவற்றில் ஒன்று. மனைப்பிரிவுகள் பெருகின, கழிவுநீர் வாய்க்காலுக்கும் குப்பை அள்ளுவதற்கும் ஊராட்சியின் சிறிய வருவாய்தான் இருந்தது. பக்கத்து நகராட்சியோடு இணைக்கும் பேச்சு வந்தபோது, கிராம சபையில் பெண்கள்தாம் முதலில் எழுந்து எதிர்த்தார்கள்: வீட்டுவரி உயரும், நூறு நாள் வேலை நின்றுவிடும் என்றார்கள். அவர்கள் கணக்கு தவறென்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. இணைப்பு நடக்கவில்லை, வாய்க்காலும் இன்னும் வரவில்லை.