ஏ.பி. யூனிட் கூடினால் காலேஜை விட்டு சீக்கிரம் தள்ளிவிடுவார்களா?

ஃப்ரீமான்ட் அப்பா:
பையன் பதினொன்றாம் வகுப்பு. ஆறு ஏ.பி. (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி அளவுத் தேர்வு; நல்ல மதிப்பெண்ணுக்குக் காலேஜ் யூனிட் தருவார்கள்) முடியப்போகிறது, அடுத்த வருஷம் இன்னும் மூன்று என்கிறான். நான் வேண்டாம் என்கிறேன். தெரிந்தவர் மகள் யூசிஎல்ஏ-வில் சேர்ந்த முதல் வாரமே போர்ட்டலில் 'சோஃபமோர்' (இரண்டாம் வருஷ மாணவி) என்று காட்டியதாம். அங்கே லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் (கலை-அறிவியல்) பிரிவில் ஒருவர் படிக்கக்கூடிய உச்சவரம்பு 216 யூனிட். தேர்வுக்கு 8 என்று வைத்து ஆறுக்கு 48 போனால் மிச்சம் 168. இதில் பட்டத்தை எப்படி முடிப்பான்? காசும் கட்டி, கழுத்தையும் நீட்டுவானேன்?

இர்வைன் மீனா:
சார், 216 சரி, கழித்ததுதான் தப்பு. யூசி (கலிஃபோர்னியா பல்கலை, யூசிஎல்ஏ அதில் ஒண்ணு) விதியே சொல்லுது: ஏ.பி. யூனிட் உச்சவரம்பில் சேராது. அதுக்காக மேஜரை (முதன்மைப் பாடத்தை) முன்னாடியே அறிவிக்கவும் வேண்டாம், சீக்கிரம் பட்டம் வாங்கிட்டுக் கிளம்பவும் வேண்டாம். உங்க பையனுக்கு வரம்பு 216 + 48, அதாவது 264. பட்டத்துக்கு வேண்டிய 180-ல மட்டும் அந்த 48 சேரும். 'சோஃபமோர்' வெறும் எண்ணிக்கை, 45 யூனிட் வந்தாலே மாறிடும்.

ஃப்ரீமான்ட் அப்பா:
யூசிக்கு ஒத்துக்கொள்கிறேன் மேடம். அவன் யூசிக்குத்தான் போவான் என்று என்ன நிச்சயம்? ஸ்டான்ஃபோர்டில் வெளி கிரெடிட் மொத்தமே 45தான் ஏற்பார்கள். பிரவுனில் ஏ.பி.யால் பட்டத்துக்கான பாடங்களில் ஒன்றுகூடக் குறையாது. அங்கே ஒன்பது எழுதி என்ன பிரயோஜனம்?

இர்வைன் மீனா:
"தள்ளிவிடுவாங்க"ன்னு ஆரம்பிச்சீங்க, இப்போ "சேர்த்துக்கவே மாட்டாங்க"ங்கிறீங்க. சேர்த்துக்காத யூனிட் எப்படி சார் வெளியே தள்ளும்? :)

நாலாம் வருஷம்:
அங்கிள், நான் யூசியில ஒரு கேம்பஸ்ல படிக்கிறேன். வரம்புப் பக்கமே நான் போகலை. அடி வேற இடத்துல விழுந்துச்சு. ஏ.பி. கால்குலஸ் பிசி தேர்வுல 5-க்கு 5 வாங்கியிருந்தேன், நேரா அடுத்த பாடத்துக்குப் போயிருக்கலாம். பயந்துபோய் முதல் கால்குலஸையே மறுபடி எடுத்தேன், ஈஸியா 'ஏ' வரும்னு. வந்துச்சு. டிகிரி ஆடிட்டை (பட்டத்துக்கு என்ன முடிஞ்சுது, என்ன பாக்கிங்கிற கணக்கை) திறந்தா, ஏ.பி.யோட 8-ல 4 காணோம். ஒரே பாடத்துக்கு ரெண்டு தடவை யூனிட் கிடையாதாம். பத்து வாரம் உழைச்சும் மொத்தம் நகரவே இல்லை! ஹிஸ்டரி ஏ.பி. யூனிட்டெல்லாம் எலெக்டிவ் (விருப்பப் பாடம்)னு ஓரமா நிக்குது, கட்டாயப் பாடம் ஒண்ணையும் அது குறைக்கலை. ஒரே லாபம், போன டெர்ம் 12 யூனிட் மட்டும் எடுத்து மூச்சுவிட முடிஞ்சுது.

ஃப்ரீமான்ட் அப்பா:
இதைத்தான் தம்பி நான் வேறு வார்த்தையில் சொன்னேன்.

இர்வைன் மீனா:
இல்லை சார், நீங்க சொன்னது உச்சவரம்பு. தம்பி சொல்றது எந்த ஏ.பி. எந்தப் பாடத்துக்குச் சரியாகும்ங்கிறது. மேஜர் கேட்கிற கணக்கு, பிசிக்ஸ் இருக்கட்டும், மத்ததை விடச் சொல்லுங்க.

ஃப்ரீமான்ட் அப்பா:
சரி, ஒன்றை விட்டுவிட்டு அதற்குப் பதில் கம்யூனிட்டி காலேஜில் ஒரு கிளாஸ் போடட்டுமே.

இர்வைன் மீனா:
ஐயோ, அதை யோசிச்சுச் செய்யுங்க. ஏ.பி.யில 2 வந்தா அனுப்பாம விட்டுடலாம். கம்யூனிட்டி காலேஜ்ல 'சி' வாங்கினா அது காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்ல (மதிப்பெண் பதிவுல) நிக்கும். நாளைக்கு மெடிக்கல் போகணும்னா, பதினாறு வயசுல வாங்கின அந்த 'சி'யையும் ஏஎம்சிஏஎஸ் (மெடிக்கல் காலேஜ்களுக்கான பொது) விண்ணப்பத்துல காட்டணும்.

ஃப்ரீமான்ட் அப்பா:
இது வேறயா. நேற்று ராத்திரிதான் பதிவு பண்ணிட்டு வந்து, "அப்பா, ஈஸி கிளாஸ்" என்றான்.