ஒரு 737க்கு ஏழாயிரம் ரூபாயா? ஆட்-ஆன் ப்ளேன் விலை நியாயமா சொல்லுங்க

அண்ணாநகர்_கோபைலட்:
வணக்கம் மக்களே. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 (ப்ளேன் ஓட்டுற கேம், சுருக்கமா சிம்) ஸ்டாண்டர்ட் எடிஷன் வச்சிருக்கேன், பிசில தான். இத்தனை நாளா கூடவே வர்ற ப்ளேனையே ஓட்டிட்டு இருந்தேன், இப்ப ஒழுங்கான ஒரு 737 வேணும்னு ஆசை வந்துடுச்சு. சிம்முக்கு தனியா ப்ளேன் செஞ்சு விக்கிற பிஎம்டிஜி கம்பெனியோட 737-700 முதல்ல வந்தப்ப 69.99 டாலர். டாலரை 85ன்னு வச்சாலே ஆறாயிரம் கிட்ட வருது, மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, கார்டுக்காரன் ஃபாரின் கரன்சின்னு பிடிக்கிறது எல்லாம் சேத்தா ஏழாயிரத்தைத் தாண்டுது. சிம்மோட ஸ்டாண்டர்ட் விலையே அமெரிக்கால 69.99 தானே? உலகம் பூரா மேப்பு, ஏர்போர்ட்டு, வெதர் எல்லாத்துக்கும் ஒரு விலை, ஒத்த ப்ளேனுக்கும் அதே விலைன்னா என்ன கணக்கு இது? வாங்குனவங்க சொல்லுங்க.

பஸ்_டிரான்ஸ்ஃபர்:
ப்ரோ சிம்மோட விலைய வச்சு ப்ளேன் விலைய பாக்கவே கூடாது. 2020 சிம்ம 2022 கடைசிக்குள்ளயே ஒரு கோடி பேர் தொட்டுட்டாங்கன்னு மைக்ரோசாஃப்டே சொன்னாங்க, அதுல கேம்பாஸ் சந்தால வந்து அவங்க வீட்டு மேல ஒரு ரவுண்டு அடிச்சுட்டு போனவங்க எத்தனை பேரு. ஹைட்ராலிக்ஸ் பம்ப் எந்த பஸ்ல (ப்ளேனுக்குள்ள கரன்ட் பிரிச்சுக் குடுக்குற லைன்) கரன்ட் எடுக்குதுன்னு கவலைப்படுற நம்மள மாதிரி கிறுக்கு ரொம்ப கம்மி, அந்த கம்மியான ஆளுங்க கிட்ட தான் வருஷக்கணக்கா உக்காந்து எழுதுன கோடுக்கு காசு எடுக்கணும். விலை ஏறாம என்ன செய்யும்.

காசு எங்க போயிருக்குன்னு தெரியணும்னா ஒரு வேலை பண்ணுங்க, நல்ல 737 வச்சிருக்கிற ஃப்ரெண்டு வீட்டுக்குப் போய் க்ரூஸ்ல (மேல ஏறி சீரா பறக்கும்போது) தலைக்கு மேல இருக்கிற ஓவர்ஹெட் பேனல்ல ஒரு ஜெனரேட்டர ஆஃப் பண்ணிப் பாருங்க. பஸ் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் ஆட்டோல இருந்தா இன்னொரு ஜெனரேட்டர் தானா ரெண்டு பக்கத்தையும் எடுத்துக்கும், லோடு தாங்கணும்ல, அதனால ப்ளேன் கிச்சனுக்கு (கேலி) போற பவர் கட் ஆகும், நிஜ ப்ளேன்ல நடக்குற மாதிரியே. சும்மா பேருக்கு செஞ்ச ப்ளேன்ல அதே சுவிட்சை தட்டுனா ஒரு லைட் எரியும், அவ்ளோ தான், பின்னாடி ஒண்ணும் இருக்காது. ரெண்டும் ஸ்க்ரீன்ஷாட்ல ஒரே மாதிரி தான் தெரியும்!

பழைய_எஃப்எஸ்எக்ஸ்:
இப்ப விலை அதிகம்னு சொல்ற பசங்களைப் பாத்தா சிரிப்பா வருது. ப்ரீபார்3டி (லாக்ஹீட் மார்ட்டினோட சிம்) காலத்துல பிஎம்டிஜி 747, எஃப்எஸ்லேப்ஸ் கம்பெனியோட A320 எல்லாம் நூறு டாலருக்கு மேல தம்பி. அதுலயும் கொடுமை என்னன்னா அதே 747க்கு எஃப்எஸ்எக்ஸ்ல (மைக்ரோசாஃப்டோட பழைய சிம்) ஒரு விலை, ப்ரீபார்3டில அதைவிட கூட. லாக்ஹீட் மார்ட்டின் அந்த சிம்ம பொழுதுபோக்குக்குன்னு விக்கல, ட்ரெயினிங்குக்குன்னு தான் லைசென்ஸ், அதைக் காரணம் காட்டுனாங்க. வீட்ல லுங்கி கட்டிட்டு ஓட்டுற எனக்கு என்ன ட்ரெயினிங், எனக்கு அது இன்னிக்கும் சாக்கு மாதிரி தான் படுது. ஆனா கூட்டம் பெருசானதும் விலை இறங்குச்சு. 2022 மே மாசம் அந்த 737-700 வந்துச்சு, அதே மாசம் ஃபீனிக்ஸ்ங்கிற கம்பெனியோட A320 49.99 பவுண்டுக்கு வந்துச்சு, அப்புறம் ஐஏஇங்கிற இன்னொரு வகை இன்ஜின், புது இன்ஜின் மாடலிங் எல்லாம் கேட்காமலே ஃப்ரீ அப்டேட்டா குடுத்தாங்க. பழைய காலத்துல இதுக்கு தனியா பில்லு போட்டிருப்பாங்க.

விலைகேட்டு_வாங்கு:
மேல ரெண்டு பேரும் கம்பெனி சைடு ஆளுங்க மாதிரி பேசுறாங்க 😄 கோடு எழுதுறது கஷ்டம் தான், ஒத்துக்குறேன், ஆனா 700 வாங்குனவனுக்கு 800 வேணும்னா தனி காசு, 600 வேணும்னா அது வந்தப்ப 34.99 டாலர். நீளம் மாறுது, எடை மாறுது, லேண்டிங்ல மூக்கு எவ்ளோ தூக்கலாம்ங்கிறது மாறுது, சரி. ஓவர்ஹெட், எஃப்எம்சி (ரூட் போடுற கம்ப்யூட்டர்), சிஸ்டம் பெரும்பாலும் ஒண்ணு தானே? ஃபீனிக்ஸும் A319, A321க்கு தனியா தான் வாங்குனாங்க. அதுக்கு மேல நேவிக்ராஃப் (ரூட் மேப்பு, வழித்தட டேட்டா தர்ற சர்வீஸ்) சந்தா, இல்லன்னா அந்த ப்ளேனுக்குள்ள அவங்க சார்ட்டும் புது நேவ் டேட்டாவும் கிடையாது. வாங்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கூட்டிப் பாருங்க.

எனக்கு இருக்கிற பெரிய கடுப்பு வேற. ஸ்டீம்ல சிம்முக்கு ரூபாய் விலை போடுறான், ப்ளேன் செய்றவங்க சொந்த சைட்ல போனா டாலர் டாலர் தான், அங்க ஒருத்தனுக்கு ரெண்டு வேளை சாப்பாட்டுக் காசு இங்க காலேஜ் பையனுக்கு ரெண்டு மாச பாக்கெட் மணி. அதனால என் ஓட்டு ஃப்ளைபைவயர் குழுவோட A32NXக்கு (அவங்க செஞ்ச A320). ஓப்பன் சோர்ஸ், பைசா கிடையாது, இண்டிகோ லிவரிய (பெயின்ட்) போட்டுக்கிட்டு சென்னை - டெல்லி ஓட்டுங்க. 2024ல அவங்க A380 கூட ஃப்ரீயா விட்டாங்க. இதுல ஆசை தீரலன்னா அப்புறம் ஏழாயிரம் பத்தி யோசிக்கலாம்.

ஹார்னெட்_ராஜா:
டிசிஎஸ் (போர் விமான சிம்) பக்கம் வாங்க, ஹார்னெட் ஃபைட்டர் 79.99 டாலர்னு பாத்துட்டு இங்கயே திரும்பி ஓடி வந்துருவீங்க. ஆனா அங்க ஒண்ணு உருப்படியா செய்றாங்க, ஸ்டீம்ல இல்லாம அவங்க சொந்த வெர்ஷன்ல பெரும்பாலான ப்ளேனை 14 நாள் சும்மா ஓட்டிப் பாக்கலாம். ஓட்டிப் பாத்துட்டு சேல் வர்ற வரைக்கும் காத்திருந்து வாங்குற ஆளு நான். சிவில் பக்கம் இதை ஏன் யாரும் செய்ய மாட்டேங்குறாங்கன்னு தெரியல.

பலாலி_அப்ரோச்:
நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். உங்கட ரூபாய்க்கே இவ்வளவு எண்டால் எங்கட ரூபாயில கணக்குப் பார்த்தால் நித்திரை வராது. நான் ஏடிஆர் (ப்ரொப்பெல்லர் வச்ச சின்னப் பயணிகள் விமானம்) தான் எடுத்தனான், 2023ல மைக்ரோசாஃப்டே வெளியிட்டது, 19.99 டாலர், 42-600, 72-600 ரெண்டும் ஒண்டா வரும். அவ்வளவு மலிவா ஒரு குழு தனியா வித்தா கட்டுபடியாகாது, இதுக்குப் பின்னால சிம் செய்த கொம்பனியே நிக்குது, அதுதான் வித்தியாசம். 737 அளவுக்கு ஆழம் இல்லைத்தான். ஆனால் சென்னையில இருந்து இங்க நிசமா வாறதும் ஏடிஆர் தான், கடல் கடந்து எங்கட பலாலி விமான நிலையத்தில இறக்க ஒரு மணித்தியாலம் கூடக் குறையத்தான், வேலை முடிஞ்சு வந்து ஒரு சுத்துச் சுத்திப்போட்டுப் படுக்கலாம். கிழமைக்கு ரெண்டு மூண்டு மணித்தியாலம் பறக்கிற ஆளுக்கு இது காணும் அண்ணை.

அண்ணாநகர்_கோபைலட்:
எல்லாருக்கும் நன்றி. ஏடிஆர் நல்ல ஐடியாவா தெரியுது, தூத்துக்குடி எங்க மாமா ஊரு, அங்கயும் இண்டிகோ ஏடிஆர் தான் போகுது. ஒரே ஒரு டவுட்டு. பின்னாடி 737 வாங்குறதா இருந்தா சிம்முக்குள்ள இருக்கிற மார்க்கெட்ப்ளேஸ்ல வாங்கவா, அவங்க சைட்லயேவா? தம்பிகிட்ட எக்ஸ்பாக்ஸ் இருக்கு.

பஸ்_டிரான்ஸ்ஃபர்:
எக்ஸ்பாக்ஸ்லயும் ஓடணும்னா மார்க்கெட்ப்ளேஸ் தான் வழி. பிசி மட்டும்னா அவங்க சைட்டு, அப்டேட் அன்னிக்கே வரும், மார்க்கெட்ப்ளேஸ்ல மைக்ரோசாஃப்ட் சரிபாத்து விடுற வரைக்கும் காத்துக் கிடக்கணும். ஒரு இடத்துல வாங்குனது இன்னொரு இடத்துல செல்லாது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஃபீனிக்ஸ் எக்ஸ்பாக்ஸ்ல வரவே இல்ல, அதோட சிஸ்டம்ஸ் சிம்முக்கு வெளிய தனி ப்ரோக்ராமா ஓடுது.