செஃப் கிளஸ்டரை நிறுவும் ஸ்கிரிப்டை மெய்நிகர் கணினிகளில் தானாகச் சோதிப்பது எப்படி?

கேள்வி (ஜூரோங் ஈஸ்ட்)

வணக்கம். தை செங் வட்டாரத் தரவு மையம் ஒன்றில் உள்ள எங்கள் செஃப் சேமிப்புக் கிளஸ்டரை (பல சர்வர்களின் வட்டுகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் மென்பொருள்) ஆன்சிபிள் என்ற தானியங்கி நிறுவல் கருவியின் ஸ்கிரிப்டுகளால் நிறுவுகிறோம். ஸ்கிரிப்டில் ஒரு வரி மாறினாலும், அது உண்மையான சர்வர்களைத் தொடுவதற்கு முன் மெய்நிகர் கணினிகளில் தானாகச் சோதிக்கப்பட வேண்டும் என விரும்புகிறோம். இதற்கென 64 ஜிபி நினைவகம் கொண்ட ஒரே ஒரு லினக்ஸ் சர்வர் கிடைத்திருக்கிறது. எத்தனை மெய்நிகர் கணினிகள் தேவை? ஸ்கிரிப்ட் பிழையின்றி முடிந்தது என்பதற்கு அப்பால் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

மறுமொழி 1 (உட்லண்ட்ஸ்)

நான்கு கணினிகளைப் பரிந்துரைக்கிறேன். மானிட்டர்களில் (கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் செஃப் நிரல்கள்) பெரும்பான்மை உயிருடன் இருக்க மூன்று போதும். ஆனால் தரவின் மூன்று பிரதிகளும் வெவ்வேறு கணினிகளில் இருக்க வேண்டும் என்பதால், மூன்றில் ஒன்று விழுந்தால் இழந்த பிரதியை மீண்டும் உருவாக்க இடமிராது. ஓஎஸ்டி (ஒரு வட்டில் தரவைச் சேமிக்கும் செஃப் நிரல்) ஒவ்வொன்றும் முன்னிருப்பாக 4 ஜிபி நினைவகத்தை இலக்காகக் கொள்ளும். சோதனையில் அதைக் குறைத்துவிடுங்கள். லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம்மில், ஒரே மூல வட்டுப் படிமத்தின் மேல் மாற்றங்களை மட்டும் பதியும் கியூகவ்2 அடுக்குகளை வைத்தால், ஒவ்வொரு சோதனையும் புதிய கணினிகளில் தொடங்கும். எழுதிய அளவுக்கு மட்டுமே வட்டில் இடம் செலவாகும்.

மறுமொழி 2 (தெம்பனிஸ்)

கணினிகளின் எண்ணிக்கையை ஏற்கிறேன்; ஆனால் புதிய கணினிகளில் மட்டும் சோதிப்பது போதாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தரவு மையத்தில் இருப்பவை பழைய எல்விஎம் (லினக்ஸின் வட்டுப் பகுப்பு முறை) தடயங்களும் கோப்பு முறைமைகளும் ஒட்டியிருக்கும் வட்டுகள். அத்தகைய வட்டை செஃப்பின் நிறுவல் கருவியான செஃப்ஏடிஎம் தானாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் உங்கள் ஸ்கிரிப்டில் எவரேனும் துடைக்கும் கட்டளையைச் சேர்த்திருந்தால், பிறருடைய தரவு அழிந்துபோகும். ஆகவே ஒரு வட்டில் வேண்டுமென்றே பழைய தரவை வைத்து, ஸ்கிரிப்ட் அதைத் தொடாமல் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். எனக்கு இதுவே முதன்மையான சோதனை.

அடுத்து, முழுமையாக முடிந்த ஸ்கிரிப்டை மீண்டும் இயக்கும்போது ஆன்சிபிள் காட்டும் மாற்றங்களின் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். நிறுவல் பாதியில் இருக்கும்போது ஒரு கணினியை, கேவிஎம் கணினிகளை நிர்வகிக்கும் விர்ஷ் டெஸ்ட்ராய் கட்டளையால் மின்சாரம் துண்டித்தாற்போல் நிறுத்தி, திரும்ப எழுப்பி, ஸ்கிரிப்ட் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்றும் பாருங்கள். இறுதியாகச் சில கோப்புகளை எழுதி, அவற்றின் செக்சம்மை (உள்ளடக்கம் மாறியதா எனக் காட்டும் எண்) குறித்துக்கொண்டு, ஒரு கணினியை வீழ்த்திவிட்டு அதே கோப்புகளைப் படித்து ஒப்பிடுங்கள். விழுந்த ஓஎஸ்டியைக் கிளஸ்டர் முன்னிருப்பாக 600 வினாடிகள் கழித்தே வெளியேற்றும் என்பதால், அந்தக் காலத்தைச் சோதனை அமைப்பில் குறைத்தால்தான் பிரதிகள் மீள்வதை விரைவில் காண முடியும்.

கேட்டவர்

மிக்க நன்றி. நேரத்தை மிச்சப்படுத்த, நிறுவி முடித்த நிலையை நினைவகத்துடன் ஸ்னாப்ஷாட் (பின்னர் அப்படியே மீட்கக்கூடிய பதிவு) எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 2 (தெம்பனிஸ்)

எடுக்கலாம், ஆனால் நான்கு கணினிகளையும் அணைத்துவிட்டு எடுங்கள். நினைவகத்துடன் மீட்டால் அவற்றின் கடிகாரங்கள் பின்தங்கிவிடும். மானிட்டர்களுக்கு இடையே 0.05 வினாடி வேறுபட்டாலே செஃப் எச்சரிக்கை தரும். அணைத்து எடுத்தாலும், எழுப்பிய பின், கடிகாரங்களை ஒத்திசைக்கும் க்ரோனி என்ற நிரல் நேரத்தைச் சரிசெய்யும்வரை காத்திருந்து அடுத்த படிக்குச் செல்லுமாறு ஸ்கிரிப்டை எழுதுங்கள்.