புதுப்பிப்பு: அப்பாவின் கால் மரத்துப்போவதும் காது மந்தமும்

16 வருஷமா சர்க்கரை உள்ள அப்பாவுக்குக் கால் மரத்துப்போகுது, இப்போ காதும் மந்தமாகுது, ரெண்டுக்கும் தொடர்பு உண்டான்னு போன வாரம் கேட்டிருந்தேன். உண்டாம்.

கடலூர்லேர்ந்து பாண்டி போய்ப் பார்த்தோம். கண்ணு, காதுலேர்ந்து நரம்பு வழியா மூளைக்குச் சேதி எவ்வளவு வேகமா போகுதுன்னு பார்க்க, தலையில பசை தடவி ஒயர் ஒட்டினாங்க. திரையில கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி வர, அப்பா நடுப்புள்ளியையே பார்த்துக்கிட்டிருந்தார், கண்ணுல தண்ணி கட்டிடுச்சு. சுமார் 100 மில்லிசெகண்டுல மூளையின் பின்பக்கம் வரவேண்டிய அலை, அவருக்குப் பிந்தி வருது. விழித்திரையில கோளாறே இல்லாம! காதுல 'டிக் டிக்' சத்தம் கொடுத்தப்போ மூளைத்தண்டுல (மூளையோட அடிப்பகுதி) வர்ற அலைகளும் தாமதம்தான். சர்க்கரை நரம்போட உறையையும் அதுக்கு ரத்தம் கொண்டுபோற சின்னக் குழாய்களையும் கெடுக்குதாம். காலோட நிக்காதுன்னார் டாக்டர்.

வைட்டமின் பி12 குறைஞ்சாலும் இப்படி ஆகலாம். அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுறவர், அது பி12-ஐக் குறைக்கலாம், அதனால அந்த ரத்தப் பரிசோதனையும் கொடுத்திருக்கோம். ரிசல்ட் வெள்ளிக்கிழமை.